கை சொன்னதும் வாய் சொன்னதும்

பிப்ரவரி 4

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

நீ பெட்டியோடு கிளம்பிப் போய் நாலு மாதம் ஆகிறது. இரண்டு கடிதம் போட்டேன். பதிலுக்குச் சபையின் செய்தி மடலை அனுப்பினாய். உன் சாட்சி அச்சான பக்கத்தில் ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு. அதே மடலைக் கடிதம் வைத்துப் போதகருக்கும் அனுப்பியிருக்கிறாய். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, கொஞ்ச நாள் நீங்க உட்காருங்க" என்றார். முப்பத்தோரு வருஷம் நின்றவனைப் பார்த்து.

ஞாயிறு தவறாமல் மேடைக்குப் பக்கத்தில் நின்று, போதகர் வாயால் சொன்னதைக் காது கேளாத உங்கள் ஏழு பேருக்கும் கையால் சொன்னவன் நான். நீங்கள் கையால் சொன்னதைச் சபைக்கு வாயால் சொன்னவனும் நான்தான். இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காய்ச்சலில் உன் காது போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினெட்டு. ஒரு கிழிந்த சைகைப் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பட்டறையில் லேத் ஓடும்போதே விரலை மடக்கி மடக்கிப் பழகினேன். இத்தனையும் ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அன்று சாட்சியில் நீ கையால் சொன்னது சபையில் சொல்லக்கூடிய பேச்சில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றினேன். அவ்வளவுதான்.

தையல் மெஷினில் குனிந்தே கிடக்காதே. முட்டிக்கு எண்ணெய் தடவு.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டிக்கு எண்ணெய் தடவுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மடலில் இருப்பது இது: "என் அண்ணன் இல்லாவிட்டால் நான் வெறும் ஊமை. அவருக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்."

நான் கையால் சொன்னது இது: "காது கேளாத பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும்படி கர்த்தர் என்னைக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். சபையில் இன்னும் நாலு பேராவது சைகை கற்றுக்கொள்ளுங்கள். எங்களுக்கு என் அண்ணன் ஒருவர்தான் கதவு. சில நாள் அந்தக் கதவு திறப்பதில்லை."

நீங்கள் பேசி முடித்ததும் சபை முழுவதும் கை தட்டியது. வகுப்புக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்து அழுதேன். நீங்களும் என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். மூன்று வாரம் உட்கார்ந்து அட்டை வெட்டி, படம் வரைந்து, பிள்ளைகளுக்காக அடுக்கி வைத்தேன். அதன் பிறகு மடல் வந்தது.

மானம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய மானம்?

இந்த ஊரில் என்னோடு பேச வேண்டியவர்கள் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார்கள். நேரம் பிடிக்கிறது. ஆனால் நான் எழுதுவது எழுதியபடியே போய்ச் சேருகிறது.

கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு வராது.

தங்கச்சி


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு மாதம் மேஜை இழுப்பறையில் போட்டு மூடி வைத்தேன். பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இப்போது என் இடத்தில் போதகரம்மா நிற்கிறார். நான் மூன்றாவது வரிசை. 'மேய்ப்பன்' என்று அவர் காட்டுவது, துணி வெட்டுவது மாதிரி இருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன். ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சைக்கிள் கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். ஏழு பேரில் மூத்தவர், உனக்கு அடுத்த நாற்காலிக்காரர். நான் வேலையில் இருந்தபோதே லேத் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையால் கேட்டார்: "போன வருஷம் என் மனைவிக்கு ஆபரேஷன் என்று ஜெபம் கேட்டேனே, நான் சொன்னதை எல்லாம் சொன்னாயா?"

ஆமாம் என்று காட்டத்தான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று அவர் கால் மணி நேரம் சொன்னார். தூக்கம் வரவில்லை, வீட்டில் என்னோடு பேச அவளைத் தவிர ஆளில்லை, யாராவது வந்து கூட உட்கார மாட்டீர்களா என்று. எனக்கு இடுப்பு வலி. "மனைவிக்கு ஆபரேஷன், ஜெபியுங்கள்" என்று முடித்துவிட்டேன். சபை ஜெபித்தது. ஒருவரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. சபைக்கு இரக்கம் இல்லை என்று இத்தனை நாளும் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இல்லை என்று காட்டினேன். அவர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து முப்பத்தோரு வருஷத்தையும் கிளறிக்கொண்டிருக்கிறேன். எத்தனை பேர் பேச்சை வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஊழியம் என்று பெயர் வைத்துக்கொண்டு எஜமானாக நின்றிருக்கிறேன்.

உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னும் எனக்கு வாய் வரவில்லை. என்னை உனக்குத் தெரியும்.

அண்ணன்


மே 22

அன்புத் தங்கச்சிக்கு,

போன ஞாயிறு நடந்ததை எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சபை முன்னால் நான் பேச வேண்டும், ஆனால் கையால்தான் பேசுவேன், உங்கள் மனைவி குரல் கொடுக்கட்டும் என்று போதகரிடம் போய்ச் சொன்னேன். "அவளுக்குப் பாதிகூடப் புரியாதே ஐயா" என்றார். "புரியாட்டி நான் தவிக்கிறேன். அவங்க ஏழு பேரும் தவிச்சவங்கதானே" என்றேன்.

மேடையேறி, 'தங்கச்சி சொன்னதை மறைத்துப் பொய் சொன்னேன்' என்று காட்டினேன். போதகரம்மாவுக்குப் பிடிபடவில்லை. மறுபடி காட்டினேன். "தங்கச்சி போய்விட்டாள் என்று வருத்தப்படுகிறார்" என்றார். சபை உச்சுக்கொட்டியது. அதோடு விட்டிருந்தால் நல்லவனாகவே இறங்கி வந்திருக்கலாம். இறங்கலாமா என்று நினைத்தேன், மறைக்க மாட்டேன். மூன்றாவது தடவை, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போல மெதுவாகக் காட்டினேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. தாழ்ந்த குரலில் சரியாகச் சொன்னார். பிறகு நீ சொன்ன பேச்சு முழுவதையும் காட்டினேன், உன் கடிதத்தில் இருந்தபடி. அதில் அவர் தடுமாறவே இல்லை.

யாரும் கை தட்டவில்லை. சைக்கிள் கடைக்காரர் உன் நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போய் உட்கார்ந்தேன்.

வியாழன் சாயங்காலம் நாலு பேருக்குச் சைகை சொல்லிக்கொடுக்கிறேன். ரொம்பத் திட்டுகிறேன் என்று புகார் வந்திருக்கிறது. உண்மைதான். செவ்வாய்க்கிழமை சைக்கிள் கடைக்காரர் வீட்டில் போய் உட்காருகிறேன். பெரும்பாலும் அவர்தான் பேசுகிறார்.

உன் அட்டைகள் வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. கலைக்கவில்லை.

மன்னித்துக்கொள். வாயால் சொல்லவில்லை, கையால் எழுதிவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

தையல் கூடத்தில் இரண்டு வாரம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறேன். ஒரேயடியாக வருகிறேன் என்று அர்த்தமில்லை. பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.

அன்று சொன்ன சாட்சியை மறுபடி சபையில் சொல்லப் போகிறேன். போதகருக்கும் எழுதிவிட்டேன். குரல் கொடுக்கப் போதகரம்மா வேண்டாம். நீங்கள் கொடுங்கள். கதவைப் பற்றிச் சொன்னதை அதிலிருந்து நான் நீக்கவில்லை.

இங்கே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை சபையைப் பார்த்து நிற்க மாட்டேன், உங்களைப் பார்த்து நிற்பேன். எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதியை உங்களிடம் விடுகிறேன்.

தங்கச்சி