நறுக்கு விழுந்த வீடு

இன்று காலை கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். என் வீட்டை முடித்துவிட்டு, பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டைக் காட்டி, "அங்க எத்தன பேரு ஆன்ட்டி? நீங்களே செல்லுங்க, போட்டிருதேன்" என்றாள். "அத அவங்களத்தான் கேக்கணும் மக்கா, சாயங்காலம் வா" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். ஒரு காலத்தில் நானும் உன்னைப் பார்த்து அப்படித்தான் சுளித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் எம்.ஏ. சமூகவியல் படித்தோம். கல்யாணமான பெண்களுக்குப் பிறந்த வீட்டோடு எவ்வளவு போக்குவரத்து இருக்கிறது என்பது ஆய்வு. பஞ்சாயத்து வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி, குலுக்கி நறுக்கு எடுத்தோம். நறுக்கு விழுந்த வீட்டை மாற்றக் கூடாது; ஆள் இல்லையென்றால் மூன்று தடவை போக வேண்டும். வகுப்பில் எல்லோரும் அந்த விதியை எழுதிக்கொண்டோம். அதை நம்பியவள் நீ ஒருத்திதான். குன்னத்துகால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, நாய்க்குப் பயந்து குடையை நீட்டிப் பிடித்தபடி நீ முன்னால் போவாய். உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே நான் பின்னால் வருவேன்.

நமக்கு விழுந்த வீடுகளில் ஒன்று என் அக்காவுடையது. நாங்கள் பழைய மிஷன் சபைக் குடும்பம். அக்கா ஒரு இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்று, "அவளுக்க வாசல மிதிக்கியவங்க இஞ்ச திரும்பி வரண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். ஆறு வருடமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இதெல்லாம் உனக்கும் தெரியும்.

"பக்கத்து வீட்ட எழுதிருவோம். ஆருக்குத் தெரியப் போவுது?" என்று கெஞ்சினேன்.

"நமக்குத் தெரியும்லா? நறுக்கு விழுந்தது இந்த வீடாக்கும். நான் போறேன், நீ வேணும்னா ரோட்டுல நில்லு" என்றாய்.

நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று நினைத்தேன். ஆனாலும் பின்னாலேயே வந்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேள்விப் பாரத்தை மடியில் விரித்து, நீ எப்போதும்போல ஆரம்பித்தாய். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை? அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு, "ஒங்க பொறந்த வீட்டுல இருந்து கடைசியா ஆரு வந்தது?" என்று கேட்டாய்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! பேனாவைப் பிடித்தபடி நீ காத்திருந்தாய். என்னால் முடியவில்லை. "அம்மைக்கு ஒன்ன நெனச்சு ஒறக்கமே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு அழுதேன். அக்கா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"கெடுத்துட்டா பாரு. இந்தப் பாரம் இனி செல்லாது" என்று முணுமுணுத்துக்கொண்டே நீ வெளியே போனாய். ஒரு மணி நேரம் கிணற்றடியில் அக்கா பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாய்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பாரத்தை வாங்கிப் பார்த்தேன். பேட்டி பாதியில் நின்றதற்குக் காரணம் எழுதும் இடத்தில், "பதில் சொல்பவரின் தங்கை வந்திருக்கிறாள்" என்று எழுதியிருந்தாய். பேராசிரியர் வகுப்பில் உன்னை நிற்க வைத்துக் கேட்டார். "நடந்ததத்தானே சார் எழுதணும்" என்றாய்.

உன் தைரியம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அப்பாவிடம் போய் நானே சொன்னேன். மூன்று நாள் அவர் பேசவில்லை. நாலாம் நாள், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அவளுக்குப் பிள்ளைய எத்தன?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு சபை முடிந்ததும் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அவரே அனுப்பினார்.

இதற்கு உன்னிடம் நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "எனக்க ஒரு பாரம் போச்சே" என்று சண்டைக்கு வந்திருப்பாய்.

போன மாதம் நீ இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது அக்காதான். போனில் சொல்ல மனமில்லாமல், பஸ் பிடித்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உன்னை நினைத்து அழுதபோது எனக்குப் பக்கத்தில் அக்கா இருந்தாள். அவளை எனக்குத் தந்தவள் நீ.