சொன்னதற்குத்தான் மார்க்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், உப்பு போதவில்லை என்று முகத்தைச் சுளிக்கிறார். அதனால் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீயும் அண்ணனும் ஆரம்பித்துவிட்டால் எனக்கு "ம்" கொட்டத்தான் நேரம் இருக்கிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதுதான்.

சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளின் விவாதப் போட்டிக்கு நடுவராகப் போகிறேன் என்று சொன்னேனே, அதை நீ ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டாய். சம்பளம் தருகிறார்கள், அக்கா. அப்பா விழுந்தபோது டீச்சர் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு என் பெயர் எழுதிய உறை ஒன்று என் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. நான் போகிற நாளில் எதிர்வீட்டு டெய்லரம்மா பட்டன் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "நீ போய்ட்டு வாம்மா, நானும் உங்கப்பாவும் ஒருத்தர ஒருத்தர் முறைச்சுக்கிட்டு இருக்கோம்" என்பார்.

நடுவர் வேலை லேசுப்பட்டதில்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'தராசு'. என் முதல் தீர்ப்பையே தராசு திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு பெண் பாதியில் தடுமாறி நிறுத்திய வாதத்தை நானே மனதுக்குள் முடித்து, அதற்கு மார்க்கும் போட்டிருந்தேன். டீச்சர் புத்தி! அவள் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது என்றேன். "புரிஞ்சதுக்கு மார்க் இல்ல மேடம், சொன்னதுக்குத்தான் மார்க்" என்றார். சொல்லாததை நடுவர் சேர்த்துக்கொள்ளக் கூடாதாம். இன்னொரு விதியும் உண்டு. மேடையில் இருப்பவர் சொந்தக்காரர் என்றாலோ, தீர்ப்பில் நமக்கு லாப நஷ்டம் இருந்தாலோ, எழுந்து சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

போன மாதம் ஓர் அசட்டுத்தனம் செய்தேன். பேச்சு நேரம் முடியப்போகிறது என்று காட்ட ஒரு சின்ன மணியைத் தட்டுவார்கள். அப்பா கூப்பிடுவதற்கென்று நீ வாங்கி அனுப்பினாயே, அதே மாதிரி மணி, அதே சத்தம். ஒரு மாணவி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அது அடித்தது. நான் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து கதவு வரை போய்விட்டேன். நடுவரே வெளிநடப்பு செய்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும், பாவம்! கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடிப்பதற்குள் மணி அடித்தது.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. பக்கவாதத்தில் பேச்சுப் போன மனிதருக்கு அதுதான் வாய். தண்ணீருக்கு அடிப்பார், புரண்டு படுக்க அடிப்பார், சில சமயம் நான் இருக்கிறேனா என்று பார்க்கவும் அடிப்பார்.

ஞாயிறானால் உங்கள் இருவருடைய போன். முதியோர் இல்லத்தில் சேர்த்தால் நர்ஸ் இருப்பாள், டாக்டர் இருப்பார் என்று அண்ணன். பெற்ற அப்பாவை அநாதை மாதிரி விடுவதா என்று நீ. அண்ணனுக்கு ஆதாரம் அதிகம், உனக்கு உருக்கம் அதிகம். பழக்க தோஷத்தில் மனதுக்குள் மார்க்கும் போட்டேன். கடைசியில் இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி, "நீதான் இப்ப நடுவராச்சே, நீயே சொல்லு" என்கிறீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இத்தனை ஞாயிறுகளில் நான் என்ன ஆவேன் என்று உங்களில் ஒருவரும் ஒரு வரி பேசவில்லை, அக்கா.

இப்போது தராசு கூப்பிட்டுவிட்டார். அடுத்த மாதம் முதல் ஊர் ஊராகப் போய்ப் புது நடுவர்களைப் பழக்க வேண்டும், நிரந்தர வேலை, முதல் பயணமே ஒரு மாதம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். டெய்லரம்மாவிடம் ஒரு சனிக்கிழமை கேட்கலாம், ஒரு மாதம் கேட்க எந்த முகம் இருக்கிறது?

அப்பாவிடம்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு நல்ல கையால் மணியை எடுத்து, அடிக்காமல், தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நானாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

ஆகையால் இந்த வழக்கில் நான் நாற்காலியை விட்டு இறங்குகிறேன். நான் சொந்தக்காரி. எனக்கு லாப நஷ்டம் உண்டு. புரிந்திருக்கும் என்று இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன், இப்போது வாய்விட்டே சொல்கிறேன்: எனக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கு அந்த வேலை வேண்டும். அப்பாவை இல்லத்துக்கு அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. நீ வா. ஒரு மாதம் வந்து இங்கே இரு. அதற்குப் பிறகு நீ சொல்வதுதான் தீர்ப்பு, நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், அத்தானின் முதுகுவலி தீரட்டும். மணி இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. காலையிலிருந்து அப்பா ஒரு தடவைகூட அடிக்கவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் நான்தான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சீக்கிரம் வா, அக்கா.

உன் தங்கை