கோட்டுப் பையில் பேட்டரி

ரிஹாபின் அப்பாவுக்கு,

உங்களிடம் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன்.

தொழுகைக்குமுன் ஈர விரலால் காதைத் துடைத்த கையோடு காது கேட்கும் கருவியை மாட்டிக்கொள்கிறீர்கள். அந்த ஈரத்தில்தான் கெட்டுப்போகிறது என்று நினைத்தேன். ஒரு மாதமாகத் தினமும் சின்ன பிரஷ்ஷால் அழுக்கெடுத்து, துடைத்து, உலர்த்தி வைக்கிறேன். "ஒண்ணும் கேக்கல, மெஷின் செத்துப்போச்சு" என்கிறீர்கள்.

இன்று ரொட்டிக் கடையில் உங்கள் சீட்டாட்டக் கூட்டாளி மொன்ஜி சிரித்தார்: "அவருக்கா காது கேக்கல அண்ணி? காபிக் கடையில நாங்க குசுகுசுன்னு பேசினாக்கூடப் பதில் சொல்றாரே!"

வீட்டுக்கு வந்து உங்கள் கோட்டுப் பையைத் துழாவினேன். நல்ல பேட்டரி அங்கே இருந்தது. வீட்டு வாசலில் அதைக் கழற்றிவிட்டு, தீர்ந்துபோனதைப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறீர்கள்.

நம் மகள் ரிஹாப் ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்தும் ஒரு மாதம்தான் ஆகிறது. "அப்பா, அங்க என்ன நடந்துச்சுன்னு கேளுங்கப்பா" என்று அவள் தொடங்கும்போதெல்லாம் காதைத் தொட்டுக் காட்டுகிறீர்கள். அதைச் சத்தம் போட்டுச் சொல்ல வெட்கப்பட்டு எழுந்து போய்விடுகிறாள்.

கருவியைத் துடைத்து, நல்ல பேட்டரியைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். காதை உலர்த்திவிட்டு மாட்டுங்கள்.

உங்களுக்குக் கேட்கும் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கத்திக் களைத்த,
உங்கள் மனைவி