உன் அம்மாவுக்கு சீட் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கேயும் படுத்த படுக்கையாக யாரும் இல்லை. கடை திறக்கிறேன், மூடுகிறேன். செய்தி உனக்கும் வந்திருக்கும். மூன்று முறை நாடாளுமன்றத்துக்குப் போய், ஒரு முறை இணை அமைச்சராகவும் இருந்த உன் அம்மாவின் பெயர் இந்தத் தடவை கட்சிப் பட்டியலில் இல்லை. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, எல்லோரையும் போல டிவியில்தான் பார்த்தாள். நம் தொகுதி வந்தபோது ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று வாசித்தார்கள். அவள் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்தாள். எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறது வீடு.

நம் தெருச் சாக்கடைக்காக முனிசிபாலிட்டி வாசலில் போய் உட்கார்ந்தவள் அவள், அங்கே ஆரம்பித்ததுதான் இத்தனையும். நாற்பது வயதுக்கு மேல் தலைநகரில் கார் டிரைவரிடம் அந்த ஊர்ப் பாஷை கற்றுக்கொண்டு சபையில் பேசினாள். ஈயம் கலந்த பெயிண்ட்டைத் தடை செய்யச் சொல்லிப் பேசி, பெயிண்ட் கடைக்காரனான என் சரக்கையே முதலில் அலமாரியிலிருந்து கீழே இறக்க வைத்தாள். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி வைத்திருக்கிறேன் என்று சிரித்தேன், நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் அவள் சொன்னது சரி.

நேற்று மாவட்டச் செயலாளர் வந்தார், சென்ட் மணக்க மணக்க வருகிறார் என்று நீ சின்ன வயதில் ‘சென்ட் மாமா’ என்று கூப்பிடுவாயே, அவர்தான். தேர்தலுக்கு முன்னால் சுவரில் யார் முதலில் வெள்ளையடிக்கிறார்களோ அந்தச் சுவர் அவர்களுக்கு, வேறு கட்சிக்காரன்கூடத் தொடமாட்டான் இல்லையா, வழக்கம்போல் நான் முன்கூட்டியே அடித்து வைத்துவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், “அண்ணே, சுவரெல்லாம் நம்ம கையிலதான் இருக்கு. அண்ணி பேருக்குப் பதிலா பாப்பா பேரை எழுதிடுவோம். புதுமுகம், படிச்ச பொண்ணு, மேலிடமே கேக்குது. பாப்பா சரின்னா அண்ணிக்கு மேல்சபையில ஒரு இடம் நிச்சயம். எல்லாம் குடும்பத்துக்குள்ளயேதானே இருக்கு?” என்றார். “எம்பொண்ணு பெயிண்ட் டப்பா இல்லய்யா, லேபிளை மாத்தி ஒட்டி விக்கிறதுக்கு” என்றேன். அவர் சிரித்தார். உன் அம்மா மட்டும் சிரிக்காமல், “டீ ஆறிப்போகுது, குடிச்சுட்டுக் கெளம்புங்க” என்றாள்.

அவர் போன பிறகு, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். “அவகிட்ட நான் கேக்க மாட்டேன். ஆனா அவளே வரேன்னு சொன்னா, வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வராதுங்க” என்றாள். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் இப்படித் தலையைக் குனிந்து பேசி நான் கேட்டதில்லை. அதனால் உனக்கு நேராகவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பாடு, தூக்கம், ஆஸ்பத்திரி டியூட்டி எல்லாம் கேட்பாள், அப்புறம் பேசாமல் இருப்பாள். அந்த இடத்தில் பரிதாபப்பட்டு வரேன் என்று சொல்லிவிடாதே. உனக்கே இந்த வேலையில் ஆசை இருந்தால் வா, உன் பெயரை எழுத நானே தூரிகை வாங்கித் தருகிறேன். அம்மாவுக்கு ஓர் இடம் கிடைக்கட்டும் என்று மட்டும் வராதே. வாங்குகிறவன் விலை சொல்லி, விற்கிறவன் வாயைத் திறக்காமல் நிற்கிற வியாபாரம் இது, நான் இதில் கை வைக்கமாட்டேன். மேல்சபை இடத்தை அவர்கள் கொடுப்பார்கள் என்பதற்கும் எந்தப் பிடிமானமும் இல்லை.

வரவில்லை என்றால் அதை என் மூலமாகவோ செயலாளர் மூலமாகவோ சொல்லாதே. அவளிடமே, உன் வாயால் சொல். அழமாட்டாள், அழுதாலும் பரவாயில்லை.

நீ நல்லபடியாக, நிம்மதியாக, நினைத்தபடி இருக்க என் ஆசீர்வாதம். அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதை எழுதும்போது உன் அம்மா இரண்டு தடவை பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனாள். யாருக்கு என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா