கடைசியாகக் கிடைத்த படம்

ஐப்பசி 6, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். வயல்களில் வரப்பு தெரியவில்லை. செய்ய வேண்டியவை: பூங்கோதைக்குக் கண் மருந்து, குடைக் கம்பி, தஞ்சையில் காணொளிக் கடை.

துணைவி பூங்கோதையின் பார்வை மேலும் சுருங்கிவிட்டது. உருவம் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. மருத்துவர் கைவிரித்துவிட்டார். அவள் கேட்பது ஒன்றே: முற்றும் இருளுமுன் மகன் இளவழகன் மேடையில் நிற்பதை ஒருமுறை காண வேண்டும். கொள்ளிடம் அவனைக் கொண்டுபோய் ஆண்டுகள் பல. அசையும் படமாக எஞ்சியது ஒரே காணொளி நாடா. திருக்காட்டுப்பள்ளிக் கூட்டம். எனக்குப் பின் அவன் பேசினான்; அவன் ஏறிய ஒரே மேடை.

கடைக்காரர் சண்முகம் ஓட்டிக் காட்டினார். படம் உருள்கிறது, குறுக்கே கிழிகிறது. ஒலி மட்டும் தெளிவு. ஒத்திசைவுத் துடிப்புகள் விடுபட்டனவா என்றேன். சிரித்தார்.

"சிங்க் போயிடுச்சுன்னு சொல்லுங்கய்யா. ஒங்க தமிழக் கேட்டா டிவியே பயந்து உருளும்."

அவர் விளக்கம்: ஒவ்வொரு படமும் எங்கே தொடங்குகிறது என்று திரைக்கு உணர்த்தும் துடிப்பு நாடாவிலேயே பதிவாகியிருக்குமாம். பூஞ்சை பிடித்து அது அழிந்தது. ஒலி நாடாவின் விளிம்பில் தனியே ஓடுவதால் பிழைத்தது.

ஐப்பசி 8, வியாழன்

மழை விட்டது. பட்டுக்கோட்டைக் கூட்டத்தில் பேச வர இயலாது என்றேன். தொண்டை சரியில்லை என்று காரணம். பொய்.

பேருந்தில் முன்னிருக்கைப் பேச்சு: "சம்பா முழுகிப் போச்சே, போயி பாத்தியா?" "பாத்து?" அவ்வளவே.

சண்முகம் திருச்சியிலிருந்து ஒரு பெட்டி இரவல் வாங்கியிருக்கிறார். விடுபட்ட துடிப்புகளைத் தானே கணித்து இட்டுக்கொள்ளுமாம். என் பேச்சுப் பகுதியை ஓட்டினோம். உருளாமல் நின்றது. கறுத்த தலையோடு நான். இளவழகன் பகுதிக்கு அவர் உறுதி தரவில்லை.

"தம்பி பேசுற எடத்துல சிங்க் மட்டுமில்லய்யா, படமே அழிஞ்சு கெடக்கு. இல்லாதத பொட்டி எங்கேருந்து எடுக்கும்?"

பூ.விடம் சொல்லவில்லை. ஊர்தோறும் முழங்கிய வாய்.

ஐப்பசி 9, வெள்ளி

மீண்டும் மழை. வாடகை வண்டி. பூ. புதுப்புடவை உடுத்தி, வழியெல்லாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

திரைக்கு அருகிலேயே நாற்காலி போட்டார் சண்முகம். என் பேச்சு முடிந்தது. கைதட்டல். கூட்டத்தை நோக்கிக் கை உயர்த்துகிறேன். அங்கே நாடாவில் படம் அற்றுப்போனது. பெட்டி கடைசியாகக் கிடைத்த நல்ல படத்தையே பிடித்து வைத்துக்கொண்டது: உயர்த்திய கையோடு நான், அசையாமல். அதன்மேல் கூட்டத் தலைவர் இளவழகனைப் பேச அழைக்கும் ஒலி. பிறகு அவன் குரல். "பெரியோர்களே" என்றபோது நடுக்கம். அடுத்த சொல்லில் அது இல்லை.

நிறுத்துவதற்குச் சண்முகம் எழுந்தார். அதற்குள் பூ. முன்னே குனிந்து திரையில் கை வைத்துவிட்டாள்.

"வந்துட்டான். ஒங்கள மாதிரியே கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறான், பாருங்க."

சண்முகம் என்னைப் பார்த்தார்.

"ஏங்க, ஏன் அசையவே மாட்டேங்கிறான்?"

"முதல் மேடை இல்லையா? பயத்துல நிக்கிறான்" என்றேன்.

அவன் பேசி முடிக்கும்வரை அவள் விரல்கள் திரையிலிருந்த என் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தன.