அடுத்த இதழ் வரும்வரை

ஜூன் 4, புதன்

காலையில் இரண்டு வகுப்பு, மதியம் ஆய்வகம். ஒருத்தி பியூரெட் கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு என்னையே முறைத்தாள். வீட்டுக்கு வந்தால் மேசைமேல் கடிதம். வெளியூர்க் கல்லூரியில் நிரந்தர வேலை, 27ஆம் தேதி நேர்முகத் தேர்வு! ஏழு வருடமாக ‘ஒப்பந்த விரிவுரையாளர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கைக்கே அலுத்துவிட்டது.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “கடைசி வரியப் பாத்தியா?” என்றாள். வெளியான கட்டுரையை அச்சான இதழோடு நேரில் காட்ட வேண்டுமாம். நகல் ஏற்கப்படாது.

எனக்கு இருப்பதே ஒரு கட்டுரை. கிணற்று நீரில் உப்பு ஏறுவது பற்றி, ஒன்பது பக்கம். அதைப் போட்ட காலாண்டிதழ் அந்த இதழோடு மூடுவிழா நடத்திவிட்டது. எனக்கு அனுப்புவதாகச் சொன்ன பிரதியும் வரவில்லை. பரவாயில்லை, எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒன்று இருக்கிறது. கவலை இல்லை.

ஜூன் 5, வியாழன்

கவலை இருக்கிறது.

நூலகரை ஆசிரியர்கள் எல்லோரும் ‘சட்டம்’ என்றுதான் சொல்வோம். இதழ்ப் பிரிவில் அவர் கைப்பட எழுதிய அட்டை தொங்குகிறது. நடப்பு இதழ் வெளியே தரப்படாது. அடுத்த இதழ் வந்தபின் மூன்று நாளைக்குத் தரப்படும். பைண்டிங் செய்த தொகுதி ஒரு வாரத்துக்குத் தரப்படும்.

“இது நடப்பு இதழ் மேடம்” என்றார்.

“வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு சார்.”

“அடுத்தது இன்னும் வரலையே.”

“வராது சார். பத்திரிகையே நின்னுபோச்சு.”

“அப்ப இதுதான் நடப்பு.”

சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதாவது, இனி எந்தக் காலத்திலும் வராத ஓர் இதழ் வரும்வரை நான் காத்திருக்க வேண்டும். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பத்திரிகை நின்றுவிட்டது என்று பதிப்பாளர் எழுத்தில் தந்தால் பார்க்கலாமாம். மதியமே விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பினேன்.

ஜூன் 9, திங்கள்

பதிப்பாளர் தொலைபேசி உபயோகத்தில் இல்லை. முதல்வரிடம் போனேன். “நூலகக் குழு ஜூலைல கூடும்மா, வெச்சுடலாம்.” ஜூலையில் வைத்து என்ன செய்ய? ஊறுகாய் போடவா?

ஜூன் 16, திங்கள்

கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறைமேல் சிவப்பு மையில் ‘இந்த முகவரியில் யாரும் இல்லை’. இவ்வளவு சந்தோஷமாக ஒரு திரும்பிய கடிதத்தை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஓட்டமும் நடையுமாக நூலகத்துக்குப் போனேன்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆள் இல்லைன்னுதான் போட்டிருக்கு. பத்திரிகை இல்லைன்னு போடலையே.”

இந்த மனுஷனுக்கு என்னதான் வேணும்? பத்திரிகை நேர்ல வந்து நான் செத்துட்டேன்னு கையெழுத்துப் போடணுமா? கத்தியே விட்டேன். வாசிப்பறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ‘அமைதி’ என்ற பலகையைக் காட்டினார். பலகையை!

ஜூன் 17, செவ்வாய்

இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

செய்துவிட்டேன்.

மாணவர்களின் செய்முறை நோட்டுகள் முப்பதைத் திருத்துகிறேன் என்று நூலகத்துக்குத் தூக்கிப் போனேன். ஐந்து மணிக்கு, பதினேழாவது நோட்டுக்கும் பதினெட்டாவது நோட்டுக்கும் நடுவில் இதழை வைத்து எழுந்தேன். மாட்டினால் ஒப்பந்தம் அன்றைக்கே ரத்து. வாசலில் சட்டம்.

“நிறைய இருக்கு. பாத்து எடுத்துட்டுப் போங்க மேடம், மடங்கிடப் போகுது” என்றார்.

திருட்டுதான். வேறு பெயர் வைத்து என்னை ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் என்னைத் திருட வைத்தது யார்?

ஜூன் 27, வெள்ளி

மூன்று பேர். நடுவில் இருந்தவர் இதழை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். மேசையில் வைத்தார். அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. ஒருவரும். இதற்குத்தானே மூன்று வாரம் நாயாய் அலைந்தேன்? இதற்குத்தானே திருடினேன்? கேள்வி எல்லாம் என் வயதைப் பற்றியும், அந்த ஊரில் தங்குவேனா என்பதைப் பற்றியும். திரும்பிவரும் பேருந்தில் அட்டையைத் துடைத்துப் பார்த்தேன். வட்டமாகக் கறை. போகவில்லை.

ஜூன் 30, திங்கள்

நோட்டுகளுக்கு நடுவிலேயே கொண்டுபோனேன். யாரும் பார்க்காதபோது தாங்கியில் வைத்துவிடலாம் என்று நினைப்பு. பிரிவில் அவரே நின்றுகொண்டிருந்தார். தாங்கி காலியாக இருந்தது. மேசையில் இதழ்ப் பதிவேடு விரிந்திருந்தது. 26ஆம் தேதிக்கு நேரே, அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், ‘பைண்டிங்குக்கு அனுப்பப்பட்டது’.

இரண்டு முறை படித்தேன். ஒரு எழுத்து கூடக்குறைய எழுதாத மனுஷன், பதிவேட்டில் பொய் எழுதியிருக்கிறார். காணவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் இன்றைக்கு நான் வீட்டில்.

கையை நீட்டினார். கொடுத்தேன். கறையைப் பார்த்தார்.

“யாரு?”

“தேர்வுக் குழு சார்.”

“படிக்கத் தெரியாதவங்களா?” என்றார். நான் பார்த்து அவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஜூலை 11, வெள்ளி

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை.

ஜூலை 12, சனி

அழவில்லை. அக்காதான் அழுதாள், எனக்கும் சேர்த்து. அப்புறம், “இன்னும் என்ன மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு? வேற எடத்துக்குப் போடு” என்று விண்ணப்பத்தாளை எடுத்து வைத்தாள்.

ஜூலை 21, திங்கள்

இதழை நிஜமாகவே பைண்டிங் போட்டுவிட்டார்! ஒற்றை இதழுக்குக் கனமான நீல அட்டை. முதுகில் பொன்னெழுத்து. கறை உள்ளே போய்விட்டது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே சார்?”

“நின்னுபோன இதழைத்தான் மேடம் அப்படிப் போட முடியும். நின்னுபோச்சுன்னு யாரும் எழுதித் தரலை.”

“இப்ப மட்டும் யாரு தந்தாங்க?”

“நான்தான் எழுதினேன்.”

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘இத்துடன் நின்றது.’ கீழே கையெழுத்து, தேதி. இரண்டே சொல். அதை ஜூன் 5ஆம் தேதி எழுத இந்த மனுஷனுக்குக் கை வரவில்லை. நன்றி சொல்வதா, நாலு வார்த்தை திட்டுவதா? இரண்டும் செய்யாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அடுத்த விண்ணப்பத்துக்குக் கட்டுரையின் சுருக்கம் கேட்டிருக்கிறார்கள். தொகுதியை ஒரு வாரம் முறைப்படி எடுத்துவரலாம் என்று நிமிர்ந்த தலையோடு போனேன்.

“இல்லையே மேடம்.”

“இல்லைன்னா?”

“வெளிய போயிருக்கு. ரெண்டாம் வருஷப் பொண்ணு ஒண்ணு எடுத்துட்டுப் போயிருக்கு. அவங்க வீட்டுக் கிணறு உப்பாயிடுச்சாம். ஒரு வாரம் முடிஞ்சதும் இன்னொரு வாரம் வேணும்னு கேட்டுச்சு. பைண்டிங் தொகுதிக்கு அதுக்கு இடம் உண்டு.”

“அது நான் எழுதினது சார்!”

“தெரியும். அதுக்காக அந்தப் பொண்ணுகிட்ட பாதியில வாங்க முடியுமா?”

பழக்க தோஷம், சத்தம் போட வாயைத் திறந்தேன். அவர் காத்திருப்போர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். அங்கே ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.