பக்கத்து நட்சத்திரம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
12-3-1972

அன்புள்ள அத்தானுக்கு,

தில்லையம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

நேற்றுக் காலை நம் வீட்டில் முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. இனிமேல் பால் ஒரு ஆழாக்குக் குறைவாக வாங்கினால் போதும். இதற்காக மாமா தறியை நிறுத்திவிட்டு வந்தார். அத்தை அடுப்பை விட்டு வந்தார். இருவரும் கலந்து பேசித் தீர்மானித்து, வாசலில் நின்ற பால்கார முனுசாமியிடம் அறிவித்தார்கள். லேடி டாக்டர் எனக்கென்று சொல்லியிருந்த பால்தான் அது. முனுசாமி காரணம் கேட்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களுக்கும் புதிதாக எழுத ஒன்றுமில்லை. இங்கிருந்து அடித்த தந்தியில் இருந்ததுதான் விவரம். நாலாம் மாதத்தில் இப்படிக் கலைந்துபோவது உண்டு என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கட்டில் நன்றாக இருந்தது.

உங்கள் பதில் தந்தி அங்கேதான் வந்தது. பல வருஷமாக ஒரே வெளிச்சத்தில் இருந்த, நீங்கள் ஆராயும் நட்சத்திரம் திடீரென்று மங்குகிறது, அது தேறும்வரை வானாய்வுக்கூடத்து மலையை விட்டு இறங்க முடியாது என்று உங்கள் தம்பி பஞ்சாட்சரம் வார்டு முழுவதும் கேட்கும்படி தமிழில் வாசித்தார். பக்கத்துக் கட்டில் சம்பூர்ணம் அம்மாள் மிகவும் வருத்தப்பட்டு, "யாருக்குமா உடம்பு முடியல, உங்க சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அத்தைக்குத்தான் கோபம். "அது மங்கினா மங்கிட்டுப் போவுது. இவன் ஏறிப் போயி எண்ண ஊத்தித் திரி தூண்டப் போறானா?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்கிறார். மாமா உங்கள் பக்கம். "தறியில உக்காந்தவன் பாதியில எழுந்து வருவானா? அவன் தொழிலு அது" என்றார். "நான் செத்தாலும் நீங்க தறியிலதான் உக்காந்துக்கினு இருப்பீங்க" என்றார் அத்தை. மாமா மறுபடி தறிக்குப் போய்விட்டார்.

ஒரு ராத்திரி அளக்காமல் விட்டால் அந்த ராத்திரி எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது என்று நானும் விளக்கினேன். "நீயும் அவன் கட்சியாமா?" என்று கேட்டுவிட்டு அத்தை அரிசி களையப் போனார்.

கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. மாறுகிற நட்சத்திரத்தைத் தனியாக அளக்க முடியாது. மாறாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் கூடிற்றா குறைந்ததா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். அந்தப் பக்கத்து நட்சத்திரத்தின் பெயரையும் நீங்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் போடுவார்களா என்று கேட்டேன். நம்பர் போடுவோம் என்றீர்கள். அதுவும் மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க அன்று தோன்றவில்லை.

எனக்கு உடம்பு தேறிவிட்டது. அழுகை வரவில்லை என்பதில் அத்தைக்குக் கவலை. என்னை அழவைக்கச் சொல்லித் தெருவிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தார். காபி கொடுத்து அனுப்பினேன்.

நேற்று வந்த கடிதத்தில், நட்சத்திரம் தேற மாதமாகலாம், வருஷமாகலாம், எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரமில்லை. கம்பளியை விடாமல் போர்த்திக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். மேகம் வந்தால் நீங்கள் வருவீர்கள் என்று இத்தனை நாள் காமாட்சியிடம் மேகம் கேட்டு வந்தேன். இன்று காலை போனபோது, உங்களுக்கு வானம் என்றும் தெளிவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
தில்லையம்மாள்

பி.கு.: பத்து நாள் ஓய்வுக்கு முசரவாக்கம் அம்மா வீட்டுக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கல்யாணச் சீராக வந்த அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.